பில் இல்லாத கடைக்காரருக்குச் சட்டம் என்ன செய்யும்?

எமது கடைத்தெருக்களில் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை என்ற பெயரைச் சொன்னாலே வியாபாரிகளின் முகம் மாறிவிடும். வேன் ஒன்று வந்து நிற்கும். இரண்டு மூன்று உத்தியோகத்தர்கள் இறங்குவார்கள். அரிசியின் விலை என்ன, தண்ணீர்ப் போத்தல் என்ன விலைக்கு விற்கப்படுகிறது, விலைப்பட்டியல் தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு நீதவான் நீதிமன்றம், தண்டப்பணம். இந்தச் சட்டத்தோடு எம்மவர்களுக்கு உள்ள உறவு அவ்வளவுதான். 2021ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின்னர் பயம் இன்னும் கூடியிருக்கிறது. உச்ச விலைக்கு மேல் விற்றால் தனிநபருக்கு 1 இலட்சம் முதல் 5 இலட்சம் ரூபா வரை, கம்பனிக்கு 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபா வரை தண்டம். (கௌரவத்துக்காகத் தமது சின்னக் கடையை 'பிரைவட் லிமிட்டட்' ஆகப் பதிவு செய்து கொண்டவர்களும் இந்த இரண்டாவது வரிசையில்தான் நிற்க வேண்டும். சிலருக்கு இது நீதிமன்றத்தில் வைத்துத்தான் தெரிய வருகிறது.)

ஆனால் அதே சட்டத்தில், அதாவது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில், 30ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வியாபாரத்தில் ஈடுபடும் எவரும் பாவனையாளரை ஏமாற்றும் அல்லது தவறாக வழிநடத்தும் விதத்தில் நடந்து கொள்ளக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. இது யாவரும் அறிந்த சங்கதிதானே என்பீர்கள். ஆனால் அது பாவனையாளரோடு நின்று விடவில்லை. வேறு எந்த வியாபாரியையும் அவ்வாறு ஏமாற்றக் கூடாது என்றும் சேர்த்தே சொல்கிறது. அந்த 'வேறு வியாபாரி' யார்? கம்பனியிடமும் ஏஜன்டிடமும் சாமான் எடுத்து, லாச்சிக்கு முன்னால் உட்கார்ந்து விற்கின்ற நீங்களும் நானும்தான். எம்மைத் தண்டிப்பதற்கு மட்டும் என்று நாம் நினைத்துக் கொண்டிருக்கின்ற சட்டம், எம்மை ஏமாற்றுகின்றவரைப் பிடிப்பதற்கும் எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் ஏன் எம்மவர்களில் ஒருவர்கூட அந்தப் பக்கத்தால் போவதில்லை? இதற்கு விடை காண்பதற்கு 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தைச் சற்று நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

அந்த மாதத்தின் ஆரம்பத்தில் நியூசிலாந்தின் பொன்டேரா கம்பனி ஓர் அறிவித்தலை விடுத்தது. 2012இல் தனது தொழிற்சாலை ஒன்றில் சுத்தமில்லாத குழாய் ஒன்றின் ஊடாகச் சென்ற புரதப் பவுடரில் ஆபத்தான பக்டீரியா இருக்கக்கூடும் என்பதே அது. அந்தப் பவுடரை வாங்கிக் குழந்தைப் பால்மா செய்கின்ற கம்பனிகள் பல நாடுகளில் தமது சாமானைத் திருப்பி எடுத்தன. மாத முடிவில் மேலதிகப் பரிசோதனைகள் வந்தன. சந்தேகப்பட்ட கிருமி அதுவல்ல, ஆபத்தில்லாத வேறொன்று என்று தெரிந்தது. ஆனாலும் நட்டம் நட்டம்தான். அந்தப் பவுடரை வாங்கியவர்களில் ஒருவர் பிரான்சின் டனோன் கம்பனி. அது சும்மா இருக்கவில்லை. சிங்கப்பூரில் நடுத்தீர்ப்புக்குச் சென்றது. 2017 டிசம்பரில் பொன்டேரா 105 மில்லியன் யூரோ செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. எமது பொறுப்புக்கு எல்லை உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதே என்பது பொன்டேராவின் வாதம். நடுத்தீர்ப்பாளர்கள் அதை முழுமையாக ஏற்றுக் கொள்ளவில்லை. இதற்கு முன்னர், 2014இல், நியூசிலாந்து நீதிமன்றமும் உணவுப் பாதுகாப்பு விதிகளை மீறியதற்காக அந்தக் கம்பனிக்கு 3 இலட்சம் நியூசிலாந்து டொலர் தண்டம் விதித்திருந்தது.

அதே ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையில் நடந்தது வேறொரு பிரச்சினை. இங்கு பேசப்பட்டது 'டீசீடி' என்ற இரசாயனம். புல்தரைக்குப் போடுகின்ற அந்த மருந்தின் எச்சம் பால்மாவில் இருப்பதாகப் பரிசோதனையில் தெரிவிக்கப்பட்டு, குறிப்பிட்ட தொகுதிகளைச் சந்தையில் இருந்து அகற்றுமாறு சுகாதார அமைச்சு பணித்தது. பரிசோதனை முடிவையே கம்பனி மறுத்தது. பின்னர் நீதிமன்றம் இரண்டு வாரங்களுக்கு அந்தக் கம்பனியின் சாமான்களின் விற்பனையையும் விளம்பரத்தையும் தடுத்தது. கம்பனி சில நாட்களுக்கு இங்குள்ள தனது வேலைகளை மூடியும் வைத்தது. யார் பக்கம் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் விஞ்ஞானி அல்ல. நான் கேட்பது வியாபாரக் கேள்வி மட்டுமே. அந்த இரண்டு வாரமும் கடை அலுமாரியில் முடங்கிக் கிடந்த பணம் யாருடையது? முழுத் தொகையும் கொடுத்து வாங்கியவர் கடைக்காரர். விற்க முடியாமல் வைத்திருந்தவரும் கடைக்காரர். நாடு முழுவதிலும் இருந்த சில்லறைக் கடைக்காரர்களில் எத்தனை பேர், 'இன்ன திகதியில், இன்ன தொகுதி இலக்கமுள்ள இத்தனை பக்கெட்டுகளை வாங்கினேன், இவ்வளவு நட்டம்' என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பியிருப்பார்கள்?

பாரிஸ் கம்பனிக்கு வக்கீல் படை இருந்தது, எம்மிடம் இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் வக்கீலுக்கு முன்னால் அவர்களிடம் இருந்தவை கடதாசிகள். எந்தத் தொகுதி எப்போது வந்தது, எந்த நாட்டுக்கு எத்தனை டின் போனது, பிழை வந்தால் யார் என்ன செய்ய வேண்டும் என்ற எல்லாவற்றுக்கும் எழுத்து இருந்தது. அந்த எழுத்து இல்லாவிட்டால் உலகத்தில் எந்தச் சட்டத்தரணி வந்தும் பிரயோசனமில்லை.

இங்கே சட்டத்தின் ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பழுதான சாமானுக்கு வாடிக்கையாளர் முதலில் பிடிப்பது கடைக்காரரைத்தான். அது நியாயமும்கூட. அவர் பணம் கொடுத்தது உங்களுக்கு. அவரோடு ஒப்பந்தம் செய்தவர் நீங்கள். தொலைக்காட்சியில் விளம்பரம் போட்ட கம்பனியல்ல. நீங்கள் பிடிக்க வேண்டியது உங்களுக்கு விற்ற விநியோகஸ்தரை. அவர் பிடிக்க வேண்டியது கம்பனியை. கம்பனியின் கவனயீனத்தைக் காட்டி நேரடியாகவே நட்டஈடு கேட்டு வழக்குப் போடவும் எமது ரோமன் டச்சுச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கவனயீனத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும், அதுவும் 2 வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும். ஆகவே எமக்கு இலகுவானது படிப்படியாகப் போகின்ற அந்தச் சங்கிலிதான். சங்கிலி எந்த இடத்தில் அறுகிறதோ அந்த இடத்தில் நட்டம் தங்கிவிடும். எம்மிடையே அது அறுகின்ற இடம் அனேகமாகக் கடைக்காரரின் மேசைதான்.

ஒரு நண்பருக்கு நடந்ததைச் சொல்கிறேன். கிழக்கில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். தண்ணீர்த் தாங்கிகளை ஒரு விநியோகஸ்தரின் லொறியில் இருந்து எடுத்து விற்றார். தாங்கியின் மேல் '10 வருட உத்தரவாதம்' என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர். ஒன்றரை வருடத்துக்குள் ஏழு தாங்கிகள் அடிப்பக்கத்தால் வெடித்தன. ஊர் ஆட்கள், தெரிந்த முகங்கள், பள்ளியில் ஒரே ஸஃப்பில் நிற்பவர்கள். அவர்களிடம் 'கம்பனியிடம் கேளுங்கள்' என்று சொல்ல முடியுமா? ஏழையும் தன் கைக்காசால் மாற்றிக் கொடுத்தார். பிறகு கம்பனிக்குப் போனார். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்களாம். தேநீரும் கொடுத்தார்களாம். ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: "இன்வொய்ஸ் இருக்கிறதா?" ஏழில் இரண்டுக்கு மாத்திரம் இருந்தது. அந்த இரண்டையும் மாற்றித் தந்தார்கள். மற்ற ஐந்தும் எங்களுடைய விநியோகத்தில் வந்தவை என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அதற்கு அவரிடம் பதில் இல்லை. ஏனென்றால் அந்த ஐந்தும் 'பில் இல்லாத விலைக்கு' எடுத்தவை.

இந்த இடத்தில் கொஞ்சம் வெளிப்படையாகப் பேசுவோம். பில்லோடு ஒரு விலை, பில் இல்லாமல் ஒரு விலை என்பது எமது மொத்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். விநியோகஸ்தரின் கணக்கில் விற்பனை குறைகிறது, கடைக்காரரின் கணக்கில் கொள்வனவு குறைகிறது, வரிப் பகுதியினருக்கு இருவரும் சேர்ந்து கண்ணைக் கட்டுகிறார்கள். ஒரு சாமானில் இரண்டு மூன்று வீதம் மிச்சம். ஆனால் அந்த இரண்டு வீதத்துக்கு நாம் எதை விற்கிறோம் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சாமான் பழுதானால் திருப்பிக் கொடுக்கும் உரிமை, காலாவதித் திகதி மாற்றி ஒட்டப்பட்டிருந்தால் எனக்கு இதைத் தந்தவர் இவர் என்று காட்டும் உரிமை, போலிச் சாமான் என்று பொலிஸார் வந்தால் நான் நம்பி வாங்கியவன் என்று சொல்லும் உரிமை, இவ்வளவையும் சேர்த்தே அந்த இரண்டு வீதத்துக்குக் கொடுத்து விடுகிறோம். வரி ஏய்ப்பின் மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள். நான் வியாபாரக் கணக்கை மட்டும் சொல்கிறேன். நட்டமான வியாபாரம் இது.

மார்க்கம் என்று வந்துவிட்டதால் ஒன்று. அல்குர்ஆனில் ஆக நீளமான வசனம் தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. ஸூறா அல்-பகராவின் 282ஆம் வசனம். குத்பாவில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! அவ்வாறே பழுதான சாமானைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை எமது பிக்ஹ் நூல்கள் 'கியாருல் ஐப்' என்ற பெயரில் விரிவாகப் பேசுகின்றன. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் குறையைக் கண்டவுடன் தாமதிக்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கண்டும் காணாததுபோல் வைத்திருந்து, பாவித்தும் விட்டு, பிறகு வந்து கேட்டால் உரிமை போய்விடும். ஆங்கிலேயர் காலத்தில் வந்த எமது நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வருகிறது என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியமான விடயம்.

அந்தச் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டம். நூறு வருடத்தைத் தாண்டியும் இன்றும் மொத்த வியாபாரத்துக்கு அதுதான் அத்திவாரம். அதில் எம்மவர்கள் அறிந்திருக்க வேண்டியவை நான்கைந்துதான். இன்ன சாமான் என்று சொல்லி விற்றால் அது அந்தச் சாமானாகவே இருக்க வேண்டும். மாதிரியைக் காட்டி விற்றால் மூடைக்குள் இருப்பதும் மாதிரியைப் போலவே இருக்க வேண்டும். புறக்கோட்டையில் மிளகாய், பருப்பு, மல்லி எடுக்கின்றவர்களுக்கு இது தினசரி விடயம். அந்தச் சாமானை வழமையாக விற்கின்ற ஒருவரிடம் இருந்து வாங்கினால், அது சந்தையில் விற்கக்கூடிய தரத்தில் இருக்க வேண்டும். இவற்றை யாரும் ஒப்பந்தத்தில் எழுதத் தேவையில்லை, சட்டமே உள்ளே வைத்திருக்கிறது. ஆனால் வாங்குபவர் முன்கூட்டியே பார்த்துப் பரிசோதித்திருந்தால், அந்தப் பார்வையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு குற்றம் சொல்ல முடியாது. அடுத்து, நியாயமான காலம் கடந்தும் வேண்டாம் என்று அறிவிக்காமல் வைத்திருந்தால் ஏற்றுக் கொண்டதாகவே கருதப்படும். அதன் பிறகு சாமானைத் திருப்ப முடியாது. நட்டஈடு கேட்கலாம், அல்லது கொடுக்க வேண்டிய விலையில் கழிக்கக் கேட்கலாம். அவ்வளவுதான்.

ஆகவே சாமான் இறங்குகின்ற அந்த அரை மணித்தியாலம் மிக முக்கியமானது. எமது கடைகளில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? லொறிச் சாரதிக்கு அவசரம், நாட்டாமைக்கு அவசரம், கடைப் பொடியன் டெலிவரி நோட்டில் ஏதோ ஒரு இடத்தில் கிறுக்கி அனுப்பி விடுகிறான். '50 மூடை நல்ல நிலையில் பெற்றுக் கொண்டேன்' என்று அதில் அச்சடித்திருப்பதை அவனும் வாசிக்கவில்லை, முதலாளியும் வாசிக்கவில்லை. மூன்று மூடை நனைந்திருந்தால் அந்தக் கடதாசியிலேயே '3 மூடை நனைந்துள்ளது' என்று எழுதிச் சாரதியின் கையொப்பத்தையும் வாங்கிக் கொண்டால், பிறகு பேச்சுக்கே இடமில்லை. இதற்குச் சட்டத்தரணி தேவையில்லை, ஒரு பேனை போதும்.

அதிகார சபைக்கு மீண்டும் வருவோம். 30ஆம் பிரிவை மீறுவது குற்றம்தான், ஆனால் அந்தக் குற்றத்துக்கான தண்டப்பணம் அரசாங்கத்துக்குப் போகும், உங்கள் கைக்கு வராது. உங்கள் கைக்கு ஏதாவது வருவதானால் 13ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். சாமான் அதற்கு விதிக்கப்பட்ட தரத்துக்கோ, கொடுக்கப்பட்ட உத்தரவாதத்துக்கோ அமையவில்லை என்றால் முறைப்பாடு செய்யலாம். அதிகார சபை இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்கும். முறைப்பாடு நியாயம் என்று கண்டால் நட்டஈடு கொடுக்கவோ, சாமானை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடலாம். கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் ஊடாகத் தண்டப்பணத்தைப்போல அறவிடலாம். இந்தக் கட்டளை விற்றவருக்கு மட்டுமல்ல, உற்பத்தி செய்தவருக்கு எதிராகவும் பிறப்பிக்கப்படலாம். வழக்குச் செலவும் இல்லை, வருடக்கணக்கில் இழுபடவும் தேவையில்லை.

நான் கடைக்காரன், பாவனையாளன் அல்லவே என்று நினைக்க வேண்டாம். சட்டத்தில் பாவனையாளர் என்றால் பணம் கொடுத்துப் பெற்ற பொருளையோ சேவையையோ பாவிக்கின்றவர் என்றுதான் பொருள். வீட்டுக்காகப் பாவிக்க வேண்டும் என்று அதில் இல்லை. விற்பதற்காக வாங்கிய பால்மாவுக்கு நீங்கள் பாவனையாளர் அல்ல. ஆனால் கடைக்கு வாங்கிய குளிரூட்டி, தராசு, ஜெனரேட்டர், கணக்கு வைக்கின்ற கம்பியூட்டர், ஹோட்டலுக்கு வாங்கிய கிரைண்டர் ஆகியவற்றுக்கு நீங்கள்தான் பாவனையாளர். எம்மவர்களின் கடைகளில் வேலை செய்யாத ஐஸ்கிரீம் பெட்டிகளுக்குள் கொப்பியும் பையும் அடுக்கி வைத்திருப்பதை நானே எத்தனையோ இடத்தில் கண்டிருக்கிறேன். அவற்றுக்காக யாராவது ஒரு கடிதம் எழுதினார்களா?

ஒரு தடை இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது அதே பிரிவு. இதுதான் இந்தச் சட்டத்தில் எனக்கு விளங்காத இடம். கம்பனி 5 வருட உத்தரவாதம் தருகிறது, விளம்பரத்தில் அதையே சொல்லி விற்கிறது. எட்டாம் மாதத்தில் கொம்பிரசர் நின்றால், சட்டம் விற்ற நாளில் இருந்து எண்ணிக் காலம் போய்விட்டது என்கிறது. ஏஜன்டும் 'அடுத்த கிழமை டெக்னீசியன் வருவார்' என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதத்தைக் கழித்து விடலாம். காலத்தைக் குறை தெரிந்த நாளில் இருந்து எண்ணுவதுதான் நீதி. அதுவரைக்கும் நாம் செய்யக்கூடியது, முதல் தடவை குறை தெரிந்த அன்றே தொலைபேசியில் கத்துவதை விட்டுவிட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புவதுதான். தமிழிலேயே எழுதலாம். 1977 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தும் அதிகார சபையிடம் வழி கேட்கலாம், ஆனால் எழுத்து இல்லாமல் விசாரணை இல்லை.

3 மாதம் போய்விட்டால் எல்லாம் முடிந்து விட்டதா என்றால், இல்லை. சிவில் நீதிமன்றம் இருக்கிறது. எழுத்தில் உள்ள ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்ப்பேச்சு ஒப்பந்தத்துக்கு 3 வருடம் என்று காலாவதிக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இன்னொன்றையும் கவனித்துக் கொள்ளுங்கள். விற்று ஒப்படைத்த சாமானின் கடனுக்கும் கடைக் கொப்பிக் கடனுக்கும் அதே சட்டம் தருவது 1 வருடம்தான். 'நானா, பெருநாளைக்குப் பிறகு பார்ப்போம்' என்று இரண்டு பெருநாள் போனால் சட்டத்தில் அந்தக் கடன் போய்விடும்.

இனி ஒப்பந்தம். பெரிய கம்பனிகளின் விநியோகஸ்தராவது எம்மவர்களுக்கு ஒரு கௌரவம். இருபது பக்க ஆங்கிலக் கடதாசியை ரெப் கொண்டு வருவார். வங்கி உத்தரவாதம் கேட்பார், சில இடங்களில் திகதி போடாத காசோலையும் கேட்பார். கையொப்பம் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளடி போட்டிருப்பார். நாமும் போட்டுக் கொடுத்து, கம்பனிக் கலண்டரையும் வாங்கி மாட்டி விடுவோம். எந்தச் சந்தர்ப்பத்திலும் கம்பனி எந்த நட்டத்துக்கும் பொறுப்பல்ல என்ற வாசகம் அந்த இருபது பக்கத்தில் எங்காவது ஓரிடத்தில் இருக்கும். அப்படி எழுதி விட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் என்று ஒன்று எமது நாட்டில் உண்டு. பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் நிபந்தனை நியாயமானதா என்று கேட்கும் கதவை அது திறந்து வைத்திருக்கிறது. பொறுப்புக்கு எல்லை போட்ட நியூசிலாந்துக் கம்பனிக்கு 2017இல் நடந்ததையும் மேலே பார்த்தோம். ஆனால் அந்தக் கதவைத் தட்டுவதற்கு ஒப்பந்தத்தின் ஒரு பிரதியாவது உங்களிடம் இருக்க வேண்டும். கையொப்பம் வைத்த ஒப்பந்தத்தின் பிரதி தன்னிடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத விநியோகஸ்தர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

தனியாகப் போனால் செலவு, பயம், அடுத்த மாதம் சாமான் தரமாட்டார்களோ என்ற யோசனை. இது நியாயமான யோசனைதான். 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் சமையல் எரிவாயு வெடிப்புகள் தொடர்ந்து நடந்தது நினைவிருக்கும். வாயுவின் கலவை மாற்றப்பட்டமை பற்றி நாடே பேசியது, ஜனாதிபதி விசாரணைக் குழு நியமித்தார், சில நாட்கள் விநியோகமும் நிறுத்தப்பட்டது. அடுப்பு வெடித்த ஹோட்டல்காரரும் பாதிக்கப்பட்டார், நிறைந்த சிலிண்டர்களை விற்க முடியாமல் அடுக்கி வைத்திருந்த ஏஜன்டும் பாதிக்கப்பட்டார். ஒவ்வொருவரும் தனித்தனியே தலையில் கை வைத்துக் கொண்டிருந்தார்கள். இப்படிப் பலருக்கு ஒரே பாதிப்பு, ஒரே கோரிக்கை என்று இருக்கும்போது, எல்லோர் சார்பிலும் ஒருவரோ சிலரோ நீதிமன்றத்தின் அனுமதியோடு வழக்குத் தொடர சிவில் நடவடிக்கைக் கோவையின் 16ஆம் பிரிவு இடம் தருகிறது. எமது வர்த்தக சங்கங்கள் இப்தார் வைக்கின்றன, வெள்ளம் வந்தால் நிவாரணம் சேர்க்கின்றன, அமைச்சர் வந்தால் பொன்னாடை போர்த்துகின்றன. எல்லாம் நல்லதுதான். வருடச் சந்தாவில் ஒரு பங்கை ஒதுக்கி, ஒரு சட்டத்தரணியை மாதத்துக்கு ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் உட்கார வைத்தால் என்ன? சங்கத்தின் கடிதத் தலைப்பில் போகின்ற கடிதத்தைக் கம்பனி வேறு விதமாகத்தான் வாசிக்கும்.

சிறு உற்பத்தியாளர்களுக்கும் ஒரு வார்த்தை. மசாலாத்தூள், பிஸ்கட், செருப்பு என்று சொந்தப் பெயரில் செய்கின்றவர்கள் எம்மிடையே நிறையப் பேர். உங்கள் லேபலைப் பார்த்து அதே நிறம், அதே எழுத்து, ஓர் எழுத்தை மட்டும் மாற்றி வேறொருவர் சந்தைக்கு விட்டால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 160ஆம் பிரிவு அதை நேர்மையற்ற போட்டி என்கிறது. வியாபாரக் குறியைப் பதிவு செய்திருந்தால் இன்னும் இலகு. பதிவு செய்யாதவருக்கும் அந்தப் பிரிவில் இடமுண்டு. நீங்கள்தான் முதலில் செய்தவர் என்பதைப் பழைய அச்சகப் பில்லும் பழைய விற்பனைப் புத்தகமுமே காட்டும்.

பணம் கொடுத்து வைக்கும் விடயத்தில் மட்டும் கடதாசி இருந்தால் போதாது, யாருடைய கடதாசி என்பதையும் பார்க்க வேண்டும். 2008 டிசம்பரில் சரிந்த கோல்டன் கீ கடன் அட்டைக் கம்பனியிடம் சுமார் 26 பில்லியன் ரூபா வைத்திருந்தவர்கள் எல்லோரிடமும் அழகான சான்றிதழ் இருந்தது. மக்களிடம் வைப்புப் பெறுவதற்கான அனுமதிதான் அந்தக் கம்பனியிடம் இருக்கவில்லை. மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை உண்டு. அது அனுமதி பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் மட்டும்தான். 'ஹலாலான இலாபப் பங்கு' என்று சொல்லி, அமானிதம் என்று சொல்லி, துண்டுச் சீட்டு ஒன்றுகூட இல்லாமல் இலட்சக்கணக்கில் எமது ஊர்களில் கைமாறுகின்ற பணத்துக்கு எந்தக் காப்புறுதியும் இல்லை.

அதிகார சபையின் உத்தியோகத்தர்களுக்கும் சொல்வதற்கு ஒன்று இருக்கிறது. கடையில் காலாவதியான பக்கெட் பிடிபட்டால் கடைக்காரருக்கு வழக்குப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அன்றே அந்தக் கடையின் கொள்வனவுப் பில்லைக் கேட்டு வாங்கி, அதில் உள்ள விநியோகஸ்தரின் களஞ்சியத்துக்கும் போங்கள். திகதியை அழித்து மாற்றுகின்ற வேலை லாச்சி மேசையில் நடப்பதில்லை. பருப்பின் விலையைக் கூட்டியவர் கடைசி ஆளான கடைக்காரர்தானா என்பதும் மேலே ஏறிப் போனால்தான் தெரியும். சங்கிலியின் கடைசி வளையத்தை மட்டும் பிடித்து இழுப்பது இலகு, ஏனென்றால் அது தெருவோரத்தில் கதவைத் திறந்து கொண்டு இருக்கிறது.

13ஆம் பிரிவின் 3 மாதக் காலத்தை மாற்றுவது, விநியோக ஒப்பந்தங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்குவது, இந்த இரண்டையும் எமது வர்த்தக சங்கங்கள் எழுத்தில் கேட்க வேண்டும். பாராளுமன்றத்தில் உள்ள எமது பிரதிநிதிகளில் வியாபாரப் பின்னணி உள்ளவர்கள் குறைவில்லை. அவர்களிடம் கொண்டு போய்க் கொடுங்கள், கொடுத்ததற்குத் திகதியோடு ஒரு கையொப்பமும் வாங்கிக் கொள்ளுங்கள்.